புத்தக விற்பனையை அறப்பணிக்குக் கொடுக்கும்போது எழுத்தாளர்கள் சறுக்கும் இடங்கள்

'இந்நூலின் விற்பனைத் தொகை முழுவதும் ஆதரவற்ற குழந்தைகளுக்கே' என்று பின்னட்டையில் ஒரு வரி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்ப்பவர் கையில் கொடுத்தால் அந்த ஒரு வரியிலேயே மூன்று கேள்வி கேட்பார். விற்பனைத் தொகை என்றால் வாசகர் கொடுத்த விலையா, கடைக் கழிவு போக வந்ததா, விற்ற பிரதிகளுக்குப் பதிப்பகம் உங்களுக்குத் தரும் பங்கான ராயல்டியா? எந்தக் குழந்தைகளுக்கு, எந்த அமைப்பு வழியாக? எந்தத் தேதி வரை? இவற்றுக்குப் பதில் இல்லாமலே புத்தகம் அச்சுக்குப் போய்விடுகிறது. பின்னால் வரும் வம்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. நல்ல மனசு இல்லாதவர் யாரும் இந்த வேலையில் இறங்குவதில்லை, மாட்டிக்கொள்வது கணக்கில்தான்.

விலை வேறு, வரவு வேறு, ராயல்டி வேறு

அட்டை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் சரி. கடைக்கும் விநியோகஸ்தருக்கும் கழிவு 40 முதல் 55 வரை போவது வழக்கம், நாம் 50 என்று கொள்ளலாம். மீதி 50 பதிப்பகத்துக்கு வருகிறது. அதில்தான் தாள், அச்சு, பைண்டிங், எடிட்டிங் எல்லாம். ஒப்பந்தத்தில் உங்களுக்கு ராயல்டி 10 சதவீதம் என்று இருக்கிறது. எதில் 10 சதவீதம்? அட்டை விலையில் என்றால் பிரதிக்கு 10 கிடைக்கும். கழிவு போகப் பதிப்பகத்துக்கு வரும் நிகர வரவில் என்றால் வெறும் 5.

இப்போது 'விலையில் 10 சதவீதம் நன்கொடை' என்று அறிவித்தவர், நிகர வரவில் ராயல்டி வாங்குபவராக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பிரதிக்கும் 5-ஐச் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும். புத்தகம் நன்றாக விற்க விற்க நட்டம் ஏறும். இலக்கிய முகவர் இருந்தால் அவருடைய 15 சதவீதமும் உங்களுக்கு வரும் ராயல்டி 5-லிருந்துதான் போகும்.

'லாபம் முழுவதும்' என்பது பாதுகாப்பான சொல் போலத் தோன்றும். உண்மையில் அதுதான் ஆக வழுக்கலான சொல். சொந்தமாகப் பதிப்பிப்பவர் அட்டை வடிவமைப்பு, மெய்ப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் கழித்தால் முதல் சில நூறு பிரதிகளுக்கு லாபம் என்று ஒன்று இருக்காது. வாங்கியவரோ தான் கொடுத்ததில் பெரும்பங்கு போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும்.

பிரதிக்கு இவ்வளவு என்று தொகையாகச் சொல்லிவிடுவதே நல்லது. அமெரிக்காவின் பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற கண்காணிப்பு அமைப்பும் தன் தரநிலையில் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது: விலையில் எவ்வளவு போகிறது, எந்தக் காலத்துக்கு, மொத்தத்தில் உச்சவரம்போ குறைந்தபட்ச உறுதியோ உண்டா. இப்படி எழுதலாம்: 'ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை விற்கும் ஒவ்வொரு அச்சுப் பிரதிக்கும் 4 ரூபாய் வீதம் இன்ன அறக்கட்டளைக்கு வழங்கப்படும், குறைந்தபட்சம் 2,000 ரூபாய் உறுதி.' கவித்துவம் கிடையாது. ஆனால் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் இது பொருந்துமா என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். அவற்றின் ராயல்டி விகிதமே வேறு.

முன்பணம், திரும்பி வரும் பிரதிகள், தாமதம்

பதிப்பகத்திடம் முன்பணம் வாங்கியவர்கள் 'ராயல்டி முழுவதும் தருகிறேன்' என்று சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முன்பணம் என்பது ராயல்டியை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதுதான், விற்பனையில் வரும் ராயல்டி முதலில் அதில்தான் கழியும். முன்பணம் 40,000, பிரதிக்கு ராயல்டி 5 என்றால், 8,000 பிரதி விற்கும் வரை புதிதாக ஒரு காசும் வராது. அதுவரை அறக்கட்டளைக்குப் பூஜ்யம். அந்த 8,000 வாசகர்களும் கொடுத்ததாக நம்பியது எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முன்பணமும் சேர்த்தியா இல்லையா என்பதை முதலிலேயே முடிவு செய்து வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது திரும்பி வரும் பிரதிகள். பதிப்பகத்திலிருந்து கடைக்குப் போனதெல்லாம் விற்றதாகாது. 1,000 போய் 300 திரும்பி வந்தால் விற்றது 700. வெளியீட்டு மாதத்தில் 'ஆயிரம் தாண்டியது' என்று உற்சாகத்தில் காசோலை எழுதினால், அடுத்த அரையாண்டுக் கணக்கில் திரும்பிய பிரதிகளுக்கான தொகை கழிக்கப்பட்டு நிற்கும். பல பதிப்பகங்கள் இதற்காகவே ராயல்டியில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கின்றன. கணக்கு பொதுவாக ஆண்டுக்கு இருமுறைதான் வரும். அமேசானின் கேடிபி போன்ற சுயபதிப்புத் தளத்திலும் மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்தே பணம் கிடைக்கும். ஆகவே 'மாதாமாதம் கொடுப்போம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ராயல்டி அறிக்கை வந்த 30 நாளுக்குள் என்று சொன்னால் காப்பாற்ற முடியும்.

நிகழ்ச்சிகளில் விற்க ஆசிரியர் பிரதிகளைக் கழிவு விலையில் வாங்குவீர்கள் அல்லவா? பெரும்பாலான ஒப்பந்தங்களில் அவற்றுக்கு ராயல்டி கிடையாது. சிலவற்றில் மறுவிற்பனைக்கே தடை உண்டு. நன்கொடை வாசகம் ராயல்டியைக் குறிப்பிட்டிருந்தால், மேசை போட்டு நீங்களே விற்ற 200 பிரதியும் அந்தக் கணக்கில் வராது. வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்? நேரடி விற்பனைக்குத் தனி நோட்டு, தனித் தொகை வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பிடம் கேட்காமலே பெயர் போடுவது

நல்லதுதானே செய்கிறோம், அனுமதி எதற்கு என்ற எண்ணம் பலருக்கு. பெயரும் சின்னமும் அவர்களுடைய சொத்து. உங்கள் நூலின் உள்ளடக்கம் அவர்கள் கொள்கையோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992-ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டப்படி, 'இதில் ஒரு பங்கு இன்ன அறநிறுவனத்துக்கு' என்று விளம்பரம் செய்து வணிகமாக விற்பவர் அந்த நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். எவ்வளவு போகிறது என்பதை வாங்குபவருக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உங்கள் நாட்டில் எப்படி என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேட்கப் போகும்போதே நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். பதிவு எண் நடப்பில் இருக்கிறதா, தணிக்கை செய்த கணக்கு கிடைக்கிறதா, வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில்தான் இருக்கிறதா? நிர்வாகியின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அமைப்பு உங்களுடையதே என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் 2012-இல் முடிந்த ஒரு விசாரணையில், அறநிறுவனத்தை நிறுவிய நூலாசிரியர் 10 லட்சம் டாலருக்கு மேல் அந்த அமைப்புக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அவருடைய நூலை வாங்கவும் விளம்பரப்படுத்தவும் அறநிறுவனப் பணம் செலவானது. ராயல்டியோ அவர் கைக்குப் போனது. நூலுக்கான செலவு ஒரு பையிலும் வரவு இன்னொரு பையிலும் இருந்தால் எங்கும் இதே கதைதான்.

வரி

ராயல்டி முதலில் உங்கள் வருமானம். பிறகே அது நன்கொடை. கைக்கு வந்த 100-ஐ அப்படியே அனுப்பிவிட்டு ஆண்டுக் கடைசியில் வரி கட்டப் பணமில்லாமல் நிற்பவர்கள் உண்டு. நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைத்தாலும் பல நாடுகளில் அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. வெளிநாட்டுத் தளம் பணம் அனுப்பும்போதே வரி பிடித்திருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். வாசகரிடம் 'வாங்கினால் உங்களுக்கு வரிவிலக்கு' என்று சொல்லவே கூடாது. அவர் புத்தகம் வாங்கினார், அவ்வளவுதான். நன்கொடை ரசீது உங்கள் பெயரில்தான் வரும்.

பணத்துக்குப் பதில் உரிமையையே கொடுப்பது

ஜே. எம். பாரி 1929-இல் 'பீட்டர் பான்' உரிமையை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். 1987 இறுதியில் பிரிட்டனில் பதிப்புரிமைக் காலம் முடிந்தபோது, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிப்பிரிவே சேர்த்து, அங்கே ராயல்டி தொடர்ந்து கிடைக்க வழிசெய்தார்கள். அது விதிவிலக்கு, எல்லோருக்காகவும் நாடாளுமன்றம் கூடிச் சட்டம் போடாது. உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் மொழிபெயர்ப்பு, திரைப்படம், சுருக்கப் பதிப்பு ஆகியவற்றுக்கு யார் அனுமதி தருவது, அமைப்பு கலைந்துபோனால் உரிமை யாரிடம் போகும் என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும். கொடுத்தபின் மனசு மாறினால் திரும்பி வராது. சந்தேகம் இருந்தால் உரிமையை வைத்துக்கொண்டு வரவை மட்டும் கொடுங்கள்.

பலர் எழுதிய தொகுப்பு நூலென்றால் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய படைப்பை எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம், பணம் யார் கணக்கில் சேரும் என்ற இரண்டும் அதில் இருந்தால் போதும். வாட்ஸ்ஆப்பில் 'சரி' என்று வந்த பதிலை நம்பி அச்சடிக்க வேண்டாம்.

கடைசியாக அட்டை. நன்கொடை வாசகத்தை அட்டையிலேயே அச்சிட்டால், காலம் முடிந்த பிறகும் கிடங்கில் இருக்கும் பிரதிகள் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். பழைய புத்தகக் கடையில் பத்து வருடம் கழித்து எடுப்பவரும் அதை நம்புவார். ஒட்டி எடுக்கக்கூடிய ஸ்டிக்கரோ பட்டையோ போதும். இல்லாவிட்டால் பதிப்புரிமைப் பக்கத்தில் தேதியோடு சிறிய எழுத்தில் போடுங்கள். இணையக் கடைகளில் இருக்கும் விவரக்குறிப்பையும் கடைசித் தேதியன்றே மாற்ற வேண்டும். அதற்கு இப்போதே நாட்காட்டியில் ஒரு குறி போட்டுவையுங்கள்.