படிக்கிற பழக்கம் விட்டுப்போனவர்கள் பொன்னியின் செல்வனை முடிப்பது எப்படி?

ஐந்து பாகத்தையும் வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு முதல் பாகம் பாதியிலேயே நிற்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் நூறு பக்கம் படிப்பார்கள், திங்கட்கிழமை வேலை வந்துவிடும், அடுத்த ஞாயிறுக்குள் சம்புவரையர் யார், பழுவேட்டரையர் யார் என்பதே மறந்திருக்கும். அப்படிப் படிப்பதற்காக எழுதிய கதை இல்லை இது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த தொடர்கதை. அதனால் தொடர்கதையாகவே படியுங்கள்.

தினமும் இரண்டு அத்தியாயம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், அவ்வளவுதான். தூக்கம் வருகிறதென்றால் அத்தியாயத்தின் நடுவில் மூடிவிடுங்கள். அத்தியாய முடிவில் நிறுத்த முடியாது, ஏனென்றால் அங்கேதான் யாராவது கதவைத் தட்டுவார்கள், இருட்டில் ஒரு உருவம் தெரியும். வாரம் முழுக்க வாசகரைக் காக்கவைப்பதற்கென்றே வைத்த இடம் அது. ஆனால் நாலு நாள் படிக்காமல் விட்டுப்போன புத்தகமென்றால் நேர்மாறாகச் செய்யுங்கள், அந்தத் திருப்பத்திலேயே நிறுத்துங்கள், மறுநாள் கை தானாகப் புத்தகத்தைத் தேடும்.

முதல் பாகத்துக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். பெரிய பழுவேட்டரையர், தனாதிகாரி. சின்னவர், தஞ்சைக் கோட்டைக் காவல். குந்தவை, பழையாறை. இப்படிப் பத்துப் பெயர் எழுதிப் பக்க அடையாளமாகச் செருகிக்கொள்ளுங்கள், இரண்டாம் பாகத்தில் அது தேவைப்படாது. நடுவில் கல்கி சோழ வரலாறு சொல்ல ஆரம்பிக்கிற பக்கங்களை வேகமாகக் கடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் வீர வைஷ்ணவன் ஆழ்வார்க்கடியான் சண்டை போடுகிற இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், நாவலின் சிரிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது.

எனக்குக் குறையாகப் பட்டதையும் சொல்கிறேன். கதாநாயகன் வந்தியத்தேவன் எங்கே போய்ப் படுத்தாலும் பக்கத்தில் ஒரு சதி நடப்பது கொஞ்சம் அதிகம்தான். ஐந்தாம் பாகம் இழுக்கிறது. முடிவு சட்டென்று வந்ததுபோல் தோன்றும், அப்போது புத்தகத்தை மூடிவிடாமல் முடிவுரையையும் படியுங்கள், அன்றைய வாசகர்களும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள், கல்கி அவர்களுக்குப் பதில் சொல்லி யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

இரண்டு பாகங்களுக்கு நடுவில் மூச்சுவிட ஒரு வாழ்க்கை நினைவுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சிரிக்கவைக்கிறதாக. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகள் இதற்கு அருமை, எந்தக் கதையிலிருந்தும் ஆரம்பிக்கலாம். இவற்றை மனதுக்குள் படிக்காமல் வீட்டில் யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள், அந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால்தான் ருசி, ரங்கு கடை வம்பெல்லாம் அப்போதுதான் உயிரோடு வரும்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' நகைச்சுவைப் புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1880இல் கும்பகோணத்தில் அவர் அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப்போன இடத்தைப் படித்துப் பாருங்கள். கல்லூரித் தமிழாசிரியர், தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார், எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, கடைசியில் இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார். உ.வே.சா.வுக்கு எப்படி இருந்திருக்கும்! சீவக சிந்தாமணியை அவர் தேடிப் படித்து அச்சுக்குக் கொண்டுவந்ததற்கு அந்த ஒரு கேள்விதான் தொடக்கம். எனக்கு அந்த இடத்தில் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் உடம்பு சிலிர்த்தது. மொத்தம் 122 சின்னச் சின்ன அத்தியாயங்கள், அதுவும் ஆனந்த விகடனில் தொடராக வந்ததுதான், அதே இரண்டு அத்தியாயக் கணக்கு இதற்கும் சரியாக வரும். இதுவும் பொன்னியின் செல்வனும் தமிழ் நூல்களை இணையத்தில் தருகிற மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம்.