எக்ஸ் சர்வர் எழும்பவில்லையா? சரியான லாகைத் திறவுங்கள்

டெபியன் லினக்ஸில் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அப்டேட் முடிந்து ரீபூட் செய்தால், லாகின் திரைக்குப் பதில் கறுப்புத் திரையில் கர்சர் சிமிட்டுகிறதா? ஓஎஸ்ஸை மறுபடி நிறுவ வேண்டாம். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரையில் ஜன்னல்களையும் படங்களையும் காட்டும் எக்ஸ் சர்வர் மட்டும் படுத்துவிட்டது.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போங்கள். உங்கள் பெயரிலேயே லாகின் செய்யுங்கள், ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்காக) வேண்டாம்.

அடுத்தது லாக், அதாவது எக்ஸ் சர்வர் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் பதிவு ஃபைல். ஆளை அலையவிடுவது இந்த இடம்தான். பழைய கையேடுகள் எல்லாம் வார் டைரக்டரிக்குள் இருக்கும் லாக் ஃபோல்டரைக் காட்டும். எக்ஸ்ஆர்க்.0.லாக் என்ற ஃபைலும் அங்கே இருக்கும். திறப்பதற்கு முன் அதன் தேதியைப் பாருங்கள். 2014-இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து எக்ஸ் சர்வரால் ரூட் உரிமை இல்லாமலும் ஓட முடியும். அப்படி ஓடினால் வார் டைரக்டரியில் எழுத அதற்கு அனுமதி இல்லை. அதே பெயரில் உங்கள் ஹோமுக்குள், புள்ளி-லோக்கல், ஷேர், எக்ஸ்ஆர்க் என்ற பாதையில் எழுதி வைக்கும். லாகின் திரையைக் காட்டும் லைட்டிஎம் துவக்கினால் வழக்கமாக வார்; எக்ஸைத் துவக்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை நீங்களே அடித்தால் பெரும்பாலும் ஹோம். இரண்டில் எது புதிதோ அதைப் படியுங்கள். ஃபைலைப் படிக்க மட்டும் உதவும் லெஸ் கட்டளை போதும், எடிட்டர் எதற்கு?

அதில் அடைப்புக்குள் இரட்டை 'ஈ' போட்ட வரிகள்தான் பிழைகள். கடைசியில் 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்' என்று இருந்தால் அதைக் கூகுளில் தேடாதீர்கள், அது விளைவுதான். காரணம் அதற்கு மேலே இருக்கும்.

என்விடியா மாட்யூலை (கர்னலோடு சேரும் கிராஃபிக்ஸ் டிரைவரை) ஏற்ற முடியவில்லை என்று இருந்தால், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாருங்கள்; ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலை பில்ட் செய்வது டிகேஎம்எஸ்தான். புதிய கர்னலுக்கான ஹெட்டர்ஸ் (பில்டுக்குத் தேவையான ஃபைல்கள்) இல்லாவிட்டால் மாட்யூல் பில்ட் ஆகாது. லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுப் பேக்கேஜைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டோடும் ஹெட்டர்ஸ் தானாக வந்துவிடும்.

மாட்யூல் சரியாக இருந்தும் எழும்பவில்லையா? எட்சி, எக்ஸ்11 பாதையில் பழைய எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைல் கிடந்தால் பெயரை மாற்றி ஒதுக்குங்கள். இப்போதெல்லாம் சர்வரே ஹார்ட்வேரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கையால் எழுதிய கான்ஃப் பாதி நேரம் தொல்லைதான்.

பின்சேர்க்கை: பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு மறுபடி லாகின் திரைக்கே திரும்பினால் அது வேறு கதை. ஹோமில் புள்ளி-எக்ஸ்அத்தாரிட்டி ஃபைலின் உரிமையாளர் ரூட்டா என்று பாருங்கள். சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் அடித்தால் இப்படி ஆகலாம். சிஎச்ஓன் கட்டளையால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதுவும் சரியாக இருந்தால், டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடியுங்கள்; டிஸ்க் நிரம்பினாலும் இதே கூத்துதான்.