கெர்னல் வரியில் ஐபி முகவரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் ஏதாவது ஓர் ஐஸ் கம்பெனியில் வெப்பநிலையைப் பதிந்து அனுப்ப ஒரு சிறிய லினக்ஸ் பலகையை வைக்கிறீர்கள். நெட்வொர்க்கைக் கவனிக்கத் தனி நிரல் இல்லை. பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ‘ஐபி=’ என்று எழுதினால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே முகவரியைப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்த வரி தவறாகிவிட்டால், பஸ் ஏறிப் போய்த்தான் திருத்த வேண்டும்.

பெரிய தவறு, ‘ஐபி=டிஎச்சிபி’ (ரூட்டரிடம் தானாக முகவரி கேட்டு வாங்கும் முறை) என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது. கெர்னல் பூட் ஆகும்போது ஒருமுறை முகவரி கேட்டு வாங்கும். ரூட்டர் அந்த முகவரிக்குக் கொடுத்த தவணை முடிந்தால் புதுப்பிக்காது. ரூட்டர் அதே முகவரியை யாருடைய செல்போனுக்காவது கொடுத்துவிடலாம். மேசையில் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது, சில நாள் கழித்து இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். டிஎச்சிபி வேண்டுமென்றால் பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பில் உள்ள யுடிஎச்சிபிசி நிரலைத் தொடர்ந்து ஓடவிடுங்கள்; அது தவணையைப் புதுப்பிக்கும். ஆளில்லாத இடத்துக்கு நான் சொல்வது, ரூட்டர் பகிரும் வரம்புக்கு வெளியே ஒரு நிலையான முகவரி:

ஐபி=192.168.1.20::192.168.1.1:255.255.255.0:பாம்பன்:ஈத்0:ஆஃப்

அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். முகவரியை அடுத்து முக்காற்புள்ளி இருமுறை வருகிறது; இடையில் காலியாக இருப்பது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) சர்வருக்கான இடம். காலிதானே என்று ஒன்றை அழித்தால், பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடும். நெட்மாஸ்க்கையும் (உள்நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் 255.255.255.0) விடாதீர்கள். விட்டால் கெர்னல் முகவரியின் முதல் எண்ணைப் பார்த்து, பழைய வகுப்பு முறைப்படி கணக்கிடும். 10 என்று தொடங்கும் முகவரிக்கு 255.0.0.0 விழும்.

ஈத்0 என்பது நெட்வொர்க் போர்ட்டுக்குக் கெர்னல் வைக்கும் பெயர். சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யுடெவ் நிரல் பிறகு மாற்றிவைக்கும் நீண்ட பெயரை இங்கே எழுதினால் பயனில்லை. ஈதர்நெட் டிரைவர் பிறகு ஏற்றும் தனி மாட்யூலாக இருந்தாலும் அப்படித்தான். அதைக் கெர்னலோடு சேர்த்தே கட்ட வேண்டும்.

டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியை எட்டாவது இடத்தில், அதாவது ‘ஆஃப்’ என்பதற்கு அடுத்து, கொடுத்தாலும் கெர்னல் அதை ‘/ப்ராக்/நெட்/பிஎன்பி’யில் மட்டுமே காட்டும். நிரல்கள் டிஎன்எஸ் முகவரியைத் தேடும் ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பை அதற்குக் குறுக்குவழியாக (சிம்லிங்க்) ஆக்குவது உங்கள் பொறுப்பு.

கடைசியாக, உப்புக்காற்று. கேபிள் முனையின் பித்தளை நிறம் மங்கிப் பச்சை பூத்திருந்தால் இணைப்பு எழும்பாமல் போகலாம். அதற்காகக் கெர்னல் வழக்கமாக 120 விநாடி வரை காத்திருக்கும். பலகை செத்துவிட்டது என்று அதற்குள் மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். முனையை மாற்றிவிட்டுப் பாருங்கள்.