சிங்கப்பூரின் நீளமான பேருந்துத் தடம் எது? நீங்களே அளந்து பார்க்கும் முறை

சிங்கப்பூரில் நீளமான பேருந்துத் தடம் எது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் தயங்காமல் 858 என்பார்கள். உட்லண்ட்ஸில் கிளம்பி, செம்பவாங், ஈசூன் பக்கம் சுற்றி, விரைவுச்சாலை ஏறி, சாங்கி விமான நிலையம் போய், அங்கேயே வளைந்து மறுபடி உட்லண்ட்ஸுக்கு வரும் சேவை அது. ஏறத்தாழ 73 கிலோமீட்டர். பதில் தப்பில்லை. ஆனால் அந்த 73-க்குள் போக்கும் இருக்கிறது, வரத்தும் இருக்கிறது. பூன் லேக்கும் யூனோஸுக்கும் இடையே ஓடும் 154 போன்ற சேவைக்கோ போகிற தூரம் தனி, வருகிற தூரம் தனி. சுற்றித் திரும்பும் சேவையின் மொத்தத் தூரத்தை இன்னொரு சேவையின் ஒரு வழித் தூரத்தோடு ஒப்பிட்டுவிட்டுச் சாதனை என்று சொல்வது நியாயமான கணக்கு ஆகாது.

எனவே அளக்கத் தொடங்குமுன் எதை அளக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒரு வழித் தூரமா, முழுச் சுற்றா? தூரமா, பயண நேரமா? அல்லது நிறுத்தங்களின் எண்ணிக்கையா? மூன்றுக்கும் ஒரே சேவை முதலிடம் பிடிக்க வேண்டும் என்பதில்லை. விரைவுச்சாலையில் ஓடும் பேருந்து நிற்காமலே பல கிலோமீட்டர் போய்விடும். குடியிருப்புப் பேட்டைகளுக்குள் நுழைந்து நுழைந்து வரும் பேருந்து பாதித் தூரத்திலேயே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

தரவை எடுப்பது

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளத்தில் எல்லாச் சேவைகளின் விவரமும் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்தால் மின்னஞ்சலில் ஒரு சாவி, அதாவது உங்களுக்கான ரகசியக் குறியீடு, வரும். ஒவ்வொரு முறை தரவு கேட்கும்போதும் அந்தச் சாவியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். நமக்குத் தேவை மூன்று அட்டவணைகள்: சேவைகள், தடங்கள், நிறுத்தங்கள்.

ஒரு தடவை கேட்டால் 500 வரிகள்தான் வரும். அடுத்த 500-க்கு, முதல் 500-ஐத் தாண்டிக் கொடு என்று ‘ஸ்கிப்’ மதிப்பைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பிறகு 1,000, 1,500 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தடங்கள் அட்டவணையை முழுதாக எடுக்க ஐம்பது தடவையாவது கேட்க வேண்டியிருக்கும். வெற்றுப் பட்டியல் வரும்வரை நிறுத்தாதீர்கள். முதல் 500 வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ‘எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்’ என்று முடிவுக்கு வருபவர்கள்தான் அதிகம். எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து, எக்செல். நிறுத்தக் குறியீடுகள் ஐந்து இலக்கம் கொண்டவை. விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் ஒரு நிறுத்தத்தின் குறியீடு 01012. எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் முன்னால் உள்ள சுழியம் போய் 1012 ஆகிவிடும். பிறகு நிறுத்தங்கள் அட்டவணையோடு பொருத்தும்போது நகர மையத்து நிறுத்தங்கள் எல்லாம் காணாமல் போயிருக்கும். முதல் பேருந்து, கடைசிப் பேருந்து நேரங்களுக்கும் இதே கதிதான்: நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம் என்பதைக் குறிக்கும் 0005, வெறும் 5 ஆகிவிடும். கோப்பைத் திறக்கும்போதே குறியீடு, சேவை எண், நேரம் ஆகிய பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சேவை எண்ணிலும் எழுத்துகள் வரும் என்பதால் அதையும் எண்ணாக வைக்கக்கூடாது.

தூரம் கணக்கிடுவது

தடங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஒரு சேவை ஒரு நிறுத்தத்தைத் தொடுவதைக் காட்டும். சேவை எண், திசை, நிறுத்தத்தின் வரிசை எண், குறியீடு, தூரம் ஆகியவை அதில் இருக்கும். அந்தத் தூரம் முந்தைய நிறுத்தத்திலிருந்து அளந்தது அல்ல. தடத்தின் தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே வருவது. அதனால் தடத்தின் நீளம் வேண்டுமென்றால், அந்தச் சேவை, அந்தத் திசைக்குரிய வரிகளில் மிகப் பெரிய தூரம் எதுவோ அதுதான் விடை. எக்செல்லில் பிவட் டேபிள் (வரிகளைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடுபவர்கள் வரிசையில் சேவை எண், பத்தியில் திசை, மதிப்பில் தூரம் என்று வைத்து, ‘சம்’ (கூட்டுத்தொகை) என்று தானாக வருவதை ‘மேக்ஸ்’ (மிகப் பெரிய மதிப்பு) என்று மாற்றுங்கள். மாற்ற மறந்தால் ஒரு சாதாரணச் சேவைக்குக்கூட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காட்டும். ஜோகூரைத் தாண்டி எங்கோ போகிறதோ என்று திகைக்க வேண்டாம்.

சுற்றித் திரும்பும் சேவைக்கு ஒரு திசை மட்டுமே இருக்கும். சேவைகள் அட்டவணையில் எந்தச் சாலையில் வளைகிறது என்ற குறிப்பும் இருக்கும். 858-ஐ மற்றவற்றோடு நியாயமாக ஒப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரு திசைச் சேவைகளில் திசை 1, திசை 2 ஆகியவற்றின் தூரங்களைக் கூட்டுவது. மற்றொன்று, 858-இல் விமான நிலைய நிறுத்தம் வரையுள்ள தூரத்தை மட்டும் எடுப்பது. எதைச் செய்தாலும் பட்டியல் முழுவதற்கும் அதையே செய்யுங்கள்.

இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலான மிக நீண்ட இடைவெளியைத் தேடுவது இதைவிடச் சுவையான வேலை. வரிசை எண்படி அடுக்கி, ஒவ்வொரு தூரத்திலிருந்தும் முந்தையதைக் கழியுங்கள். விரைவுச்சாலை ஏறும் சேவைகள் உடனே தனியாகத் தெரியும். இங்கேயே தரவின் பிழைகளும் வெளிப்படும். ஒரு வரியில் 12.4, அடுத்த வரியில் 12.1 என்று குறைந்தால் அந்த வரியை நம்பாதீர்கள். நிறுத்தங்கள் அட்டவணையில் அகலாங்கு, நெட்டாங்கு இருப்பதால் இரு புள்ளிகளுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரத்தையும் கணக்கிடலாம். சாலைத் தூரம் நேர்கோட்டைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. இருந்தால் அங்கே பிழை இருக்கிறது. சராசரி இடைவெளிக்கு, நிறுத்தங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். பத்து நிறுத்தங்களுக்கு இடையே ஒன்பது இடைவெளிகள்தானே.

‘மிகக் குட்டையான தடம்’ தேடுபவர்கள், ‘ஏ’ போன்ற எழுத்து ஒட்டிய பாதித்தூரச் சேவைகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். அவை தரவில் தனிச் சேவைகளாகவே இருக்கும். பூன் லேயில் 243 ‘ஜி’, 243 ‘டபிள்யூ’ என்ற இரண்டும் ஒரே வட்டாரத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. எழுத்துகள் பச்சை, வெள்ளைப் பலகைகளைக் குறிக்கும். அவையும் இரண்டு சேவைகளாகவே எண்ணப்படும்.

சிராங்கூன் சாலையும் குறியீட்டின் கடைசி இலக்கமும்

சாலையின் இரு பக்கமும் எதிரெதிராக உள்ள நிறுத்தங்களுக்குப் பெரும்பாலும் முதல் நான்கு இலக்கங்கள் ஒன்றாக இருக்கும்; கடைசி இலக்கம் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 9. பேருந்துச் சந்திப்பு நிலையங்கள் பல 009 என்று முடியும்: தெம்பனிஸ் 75009, பூன் லே 22009, பிடோக் 84009. இதை வைத்து ஒரு நிறுத்தத்தின் ஜோடியை எளிதில் கண்டுபிடிக்கலாம். ஆனால் விக்டோரியா ஸ்திரீட்டில் 01012, 01013, 01019 மூன்றும் அருகருகே இருக்கின்றன. ஆகவே இது வழக்கம்தான், கண்டிப்பான விதி அல்ல.

ஜோடியே இல்லாத சாலைகளும் உண்டு. தேக்காவிலிருந்து வடக்கே போகும் சிராங்கூன் சாலை, லிட்டில் இந்தியாப் பகுதியில் ஒருவழிப் பாதை. 147 அந்தப் பக்கம் ஹவ்காங் நோக்கிப் போகும்போது சிராங்கூன் சாலையில் வரும். திரும்புகாலில் ஜாலான் புசாரில் போகும். கோயிலுக்கும் கடைக்கும் வந்துவிட்டு, எதிர்ப்புறம் நின்று நகர மையத்துக்குப் பேருந்து தேடுபவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். சில தெருக்கள் தள்ளி ஜாலான் புசாருக்கு நடக்க வேண்டும். ஒரு தடத்தின் இரு திசைத் தூரங்களும் வேறுபடுவதற்கு இப்படிப்பட்ட ஒருவழிச் சாலைகள் முக்கியக் காரணம்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகள் போகும் பாதையில் பேருந்துகள் திருப்பிவிடப்படும். அன்று நேரம் அளந்து அதைச் சாதனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பேருந்தில் ஏறி நேரம் அளப்பது

முதல் நிறுத்தத்தில் கதவு மூடும் நொடியிலிருந்து கடைசி நிறுத்தத்தில் கதவு திறக்கும் நொடிவரை அளவிடுங்கள். ஒரே சேவையை மூன்று தடவையாவது பாருங்கள்: வார நாள் காலை நெரிசல் நேரம், வார நாள் நண்பகல், ஞாயிறு. பேருந்தின் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘எஸ்ஜி’ என்று தொடங்கினால் ஆணையத்தின் பேருந்து. ‘எஸ்பிஎஸ்’, ‘எஸ்எம்பி’ என்று தொடங்குபவை, ஆணையம் ஒப்பந்தப்படி நிறுவனங்களைக் கொண்டு பேருந்து ஓட்டும் குத்தகை முறை வருமுன் நிறுவனங்கள் வாங்கியவை.

கட்டணத்தில் கவனம் தேவை. மாறி ஏறும் சலுகைக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிட அவகாசம். முதல் ஏற்றத்திலிருந்து கடைசி ஏற்றம்வரை இரண்டு மணி நேரம். மொத்தம் ஐந்து மாற்றங்கள். அடுத்தடுத்து ஒரே எண் பேருந்தில் ஏறினால் சலுகை கிடையாது. அதனால் 154-இல் போய் 154-இலேயே திரும்பினால் இரண்டு தனிப் பயணங்கள்தான். நீளமான தடம் ஒன்றே அந்த இரண்டு மணி நேரத்தைப் பெரும்பாலும் தின்றுவிடும். இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் தடத்தின் கடைசிவரை போனதாகக் கட்டணம் பிடிப்பார்கள்.

பழைய சாதனைகளைச் சரிபார்ப்பது

ஒரு சேவை எண் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது என்பதால் அதே தடம் நாற்பது ஆண்டுகளாக ஓடுகிறது என்று பொருளல்ல. பல சிறு நிறுவனங்கள் இணைக்கப்பட்டு 1973-இல் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் உருவானது. 2001-இல் அது எஸ்பிஎஸ் டிரான்சிட் ஆனது. 2016-இல் குத்தகை முறை வந்ததும் டவர் டிரான்சிட், கோ-அஹெட் ஆகிய புதிய நிறுவனங்கள் களமிறங்கின. 2021 செப்டம்பரில் செம்பவாங்-ஈசூன் வட்டாரச் சேவைகள் எஸ்எம்ஆர்டி என்ற மற்றொரு பேருந்து நிறுவனத்திடமிருந்து டவர் டிரான்சிட்டுக்கு மாறின. எண்கள் அப்படியே இருந்தன. 167 என்ற சேவையை 2023 டிசம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்து, மக்கள் கேட்டுக்கொண்ட பிறகு அரை மணிக்கு ஒரு பேருந்தாகத் தொடர விட்டார்கள். அறிவிப்பை மட்டும் படித்தவர்கள் அது நின்றுபோனதாக எழுதிவைத்திருக்கக்கூடும். அறிவிப்போடு நின்றுவிடாமல், நடைமுறைக்கு வந்த நாளன்று என்ன நடந்தது என்று பாருங்கள்.

கடைசியில் ஒவ்வொரு சாதனையையும் இந்த அமைப்பில் ஒரே வரியில் எழுதுங்கள்: சேவை எண், திசை அல்லது முழுச் சுற்று, தூரம், நிறுத்தங்கள், தரவு எடுத்த தேதி, நேரில் அளந்ததா இல்லையா. 858-க்கு ‘முழுச் சுற்று’ என்ற சொல் அந்த வரியில் கட்டாயம் இருக்க வேண்டும்.