கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வண்ணக் கண்ணாடி, மொசைக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இக்கலையைக் கற்க வந்திருக்கும் சிலர் வேலை செய்வதைச் சில வாரங்களாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். தொடக்க காலத்தில் நான் எங்கெங்கே இடறினேனோ, அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். கண்ணைக் காத்துக்கொள்வது, ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாமல் இருப்பது போன்றவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கண்ணாடியைக் கீறும் கட்டரை ஒரே கோட்டில் இரண்டு முறை ஓட்டுவது

கூடாது. கண்ணாடி தாறுமாறாக உடையும். கட்டரின் சக்கரமும் கெடும்.

ஆழமான உள்வளைவுகள்

காகிதத்தில் எந்த வளைவையும் வரைந்துவிடலாம்; கண்ணாடி அதற்கு இணங்காது. உள்வளைவை ஒரே வெட்டில் எடுக்க முயலாமல், மெல்லிய பிறைகளாகச் சிறிது சிறிதாகக் கழித்தெடுக்க வேண்டும். ஓவியம் வரையும்போதே அந்த இடத்தில் ஓர் இணைப்புக் கோட்டை அமைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

மேசைமேல் வைத்து நிறம் தேர்ந்தெடுப்பது

இந்த ஒரு தவற்றைப் பார்க்கும்போது மட்டும் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. முன்பு ஒரு மாடிப்படி ஜன்னலுக்காக, நீல நீர்ப்பரப்பின் நடுவே ஒரு வெண்கொக்கு நிற்பதுபோல் 140 துண்டுகளில் ஒரு பலகம் செய்தேன். நான்கு மாத வேலை அது. கொக்குக்கு நான் எடுத்த பால்நிறக் கண்ணாடி, மேசை விளக்கின் கீழ் தூய வெண்மையாகத் தெரிந்தது. பலகத்தை ஜன்னலில் பொருத்திய மறுநாள் காலையில் பின்னாலிருந்து வெயில் ஏறியதும், கொக்கு பழங்காகிதம்போலப் பழுப்பேறி நின்றது. பால்நிறக் கண்ணாடிக்குள் இருக்கும் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்துவிட்டு, செம்மஞ்சள் சாயலை மட்டும் அதிகமாக உள்ளே விடுகின்றன. அந்தி வானம் சிவப்பதும் இதே காரணத்தால்தான். மேலிருந்து விழும் ஒளியில் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

நீலமும் அதன் பங்குக்குக் கெடுத்தது. நீலக் கண்ணாடி தன் ஒளியை அக்கம்பக்கத்து நிறங்கள்மேல் பரப்பும் இயல்புடையது என்று பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். என் பலகத்தில் கொக்கின் மெல்லிய கழுத்து அந்த நீலத்தில் கரைந்தே போயிற்று. பலகத்தை இறக்கி, பற்றவைத்த இடங்களை மீண்டும் உருக்கி, 22 துண்டுகளை மாற்றினேன். அந்தச் சூட்டில் அடுத்திருந்த 9 துண்டுகள் விரிசல் கண்டன. என் மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே இருந்தது நான்கடி தூரம். கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்த நான்கடியை நடக்காததற்கு ஆறு வாரம் கூடுதலாக உழைத்தேன்.

போன வாரம் ஒருவர் செம்மஞ்சள் கண்ணாடி ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, மிகவும் அடர்த்தியாக இருக்கிறதே என்று ஒதுக்கப் பார்த்தார். தாளில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணாடியை இரண்டு முறை கடக்கிறது. அதனால்தான் அந்த அடர்த்தி. ஜன்னலருகே பிடித்துக் காட்டினேன்; அவர் தேடிய நிறம் அதுவேதான். விளக்குப்பெட்டி இருந்தால் உதவும். ஆனால் அதன் ஒளி எங்கும் சீரானது. ஜன்னலுக்கு வெளியே வானமும் மரமும் எதிர்ச்சுவரும் இருக்கின்றன. துண்டுகளை ஜன்னல் கண்ணாடியிலேயே மெழுகால் ஒட்டி வைத்து, காலையிலும் மாலையிலும் பாருங்கள். இடைவெளிகளைக் கறுப்பு மையால் அடைத்துவிட்டுப் பார்ப்பது முக்கியம். அங்கே கசியும் வெள்ளொளி கண்ணைக் கூசவைத்து எல்லா நிறத்தையும் வெளிறச் செய்துவிடும்.

மொசைக்கில் கண்ணுக்கு வருவது எதிரொளி. ஆகவே இங்கே நிறத்தோடு சாய்வையும் பார்க்க வேண்டும். இத்தாலியின் ரவென்னா நகரில் 547இல் அர்ச்சிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தின் பொன் துண்டுகள், நாம் நடக்க நடக்க மினுங்குவதற்கு அவை ஒரே மட்டத்தில் பதிக்கப்படாததே காரணம். பலகையை வைத்துத் தட்டி எல்லாத் துண்டுகளையும் சமப்படுத்துகிறவர்கள் அந்த மினுக்கத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

யோசிக்காமல் வெள்ளைக் கிரவுட் பூசுவது

10 மி.மீ. சதுரத் துண்டுகளுக்கிடையே 2 மி.மீ. இடைவெளி விட்டால், மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு அந்த இடைவெளியை நிரப்பும் கிரவுட் சாந்துதான். அவ்வளவு வெள்ளையைக் கலந்தால் எந்த நிறமும் வெளுத்துப்போகும். தனியாக ஒரு சிறு மாதிரி செய்து, சாம்பல் நிறத்தையும் கறுப்பையும் பூசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வெளிச்சுவர் மொசைக்குக்கு எம்.டி.எஃப். பலகை

வேண்டாம். மரநாரை அழுத்திச் செய்த பலகை அது; ஈரத்தில் ஊதிவிடும்.

ஃப்ளக்ஸை மறுநாளுக்கு விட்டுவைப்பது

பற்றவைக்கும் முன் உலோகத்தின்மேல் பூசும் பொருள்தான் ஃப்ளக்ஸ். பற்றவைத்த அன்றே இரு பக்கமும் சோப்பு நீரால் கழுவி, ஈயக் கோடுகளின் ஓரங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலரவைத்த பிறகே பட்டறையைப் பூட்டுங்கள். விட்டுவைத்தால், துண்டுகளின் விளிம்பில் சுற்றிய செப்புப் பட்டியின் ஓரமாகப் பச்சை பூத்து, கண்ணாடிக்கும் பட்டிக்கும் நடுவே இறங்கிவிடும். அங்கே எந்தத் துலக்கியும் எட்டாது.