டர்பன் கட்டுமானத் தளத்தில் சர்வே எண்களை மாடலுக்குள் கொண்டுவரும் முறை

டர்பனில் கட்டுமான வேலைக்குச் சேரும் தமிழ்ப் பொறியாளர்கள், முப்பரிமாண மாடலைத் திறப்பதற்கு முன்பே சர்வேயர் தரும் எண்கள் எந்த முறையில் எழுதப்பட்டவை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாத தளத்தில் எத்தனை விலையுயர்ந்த மென்பொருளும் பிழையை வேகமாகப் பரப்புவதற்கே பயன்படும்.

தென்னாப்பிரிக்காவில் 1999 ஜனவரி 1 முதல் ஹார்ட்டபீஸ்ட்ஹூக்94 என்னும் ஆயத்தொலைவு முறை நடப்பில் உள்ளது. அதற்கு முன் நடப்பில் இருந்த கேப் டேட்டம் என்னும் அளவீட்டு அடிப்படையில் தயாரான பழைய வரைபடத்தை இதனுடன் கலந்தால் புள்ளிகள் ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி விழும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். அச்சுகளின் திசையால் வரும் குழப்பமோ எளிதில் வெளிப்படாது. இங்கு எக்ஸ் மதிப்பு தெற்கு நோக்கியும் ஒய் மதிப்பு மேற்கு நோக்கியும் கூடும். இம்முறையில் நாடு தீர்க்கரேகைப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒய் அந்தந்தப் பட்டையின் மையக் கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. டர்பன் அமைந்த லோ31 பட்டையின் மையமான 31 பாகைத் தீர்க்கரேகை நகரின் ஊடாகவே செல்வதால், மேற்கிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் ஒய் நேர்க்குறியிலும் நகர மண்டபத்தருகே எதிர்க்குறியிலும் வரும். நகர மண்டபத்தருகே ஒய் சுமார் மைனஸ் 2500 மீட்டர், எக்ஸ் சுமார் 33 லட்சம் மீட்டர்.

இவற்றை வரைபட மென்பொருளான ஆட்டோகேடின் எக்ஸ், ஒய் கட்டங்களில் அப்படியே இட்டால் கட்டிடம் இடவலம் மாறிவிடும். இடம் மாற்றி இட்டுக் குறியை மாற்ற மறந்தால் தலைகீழாகச் சுழன்றிருக்கும். கிழக்குத் தொலைவு என்பது ஒய்யின் எதிர்மதிப்பு, வடக்குத் தொலைவு என்பது எக்ஸின் எதிர்மதிப்பு என்று கொள்வதே சரி. பிறகு ரெவிட் என்னும் மென்பொருளில் உருவாக்கும் முப்பரிமாண மாடலின் ஆதிப்புள்ளியைத் தளத்தின் ஒரு மூலைக்கு நகர்த்தி, நகர்த்திய அளவைக் குறித்து வைக்க வேண்டும். ஏனெனில் ஆதிப்புள்ளியிலிருந்து லட்சக்கணக்கான மீட்டர் தொலைவில் வரையப்படும் கோடுகள் துல்லியத்தை இழக்கும்.

சரிபார்க்கும்போது இரண்டு புள்ளிகளின் இடைத்தூரத்தை மட்டும் அளந்து திருப்தி அடையக் கூடாது, ஏனெனில் இடவலம் மாறினாலும் தூரம் மாறாது. நேர்கோட்டில் அமையாத மூன்றாவது புள்ளி எந்தப் பக்கம் விழுகிறது என்றும், தெரு மாடலின் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் பார்த்த பிறகே பைல் (நிலத்தில் இறக்கும் அடித்தளத் தூண்) இடங்களைக் குறிக்க அனுமதிக்க வேண்டும்.

அடுத்த தொல்லை எக்செலில் இருக்கிறது. விண்டோஸின் தென்னாப்பிரிக்க அமைப்பில் தசமக் குறியாகப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வருவதால், டோட்டல் ஸ்டேஷன் என்னும் அளவைக் கருவியிலிருந்து வந்த 2504.318 என்பதை எக்செல் எண்ணாகக் கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். அதையே காற்புள்ளியுடன் சேமித்துச் சென்னையில் மாடல் வரைபவருக்கு அனுப்பினால், அங்கு அது இரண்டு நெடுவரிசைகளாகப் பிரியக்கூடும். ஆகவே கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தசமக் குறியைத் தேர்ந்தெடுத்து இறக்குமதி செய்வது நல்லது. சர்வேயரின் மூலக் கோப்பில் எதையும் திருத்தாமல், மாற்றிய மதிப்புகளைத் தனிக் கோப்பில் வைத்தால், தகராறு வரும் நாளில் யார் எண்ணை யார் மாற்றினார் என்று தேட வேண்டியிருக்காது.

வரைபடத் திருத்தங்களை மேகக் கணினியில் வைப்பவர்கள், லோட் ஷெடிங் எனப்படும் மின்வெட்டு நேரத்தில் இணையம் இல்லாமலும் ஃபோர்மேன் திறக்கும்படி, நடப்புத் திருத்தத்தை அவரது டேப்லெட்டில் முன்கூட்டியே இறக்கிவைத்து, பழைய திருத்தத்தை அன்றே நீக்கிவிட வேண்டும்.