எண்ணெய் ஓவியத்துக்கு வீட்டிலேயே டாமர் வார்னிஷ்

எண்ணெய் ஓவியத்தின் மேல் பூசும் வார்னிஷ், வண்ணங்களின் ஆழத்தை வெளிக்கொணர்வதோடு, தூசியையும் புகையையும் தான் ஏற்றுக்கொண்டு, பழுப்பேறிய பின் ஓவியத்துக்குச் சேதமில்லாமல் நீக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்து முடித்த படத்துக்குப் பிற்காலத்தில் ‘இரவுக் காவல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு, அதன் மேல் கருத்துப்போயிருந்த வார்னிஷும் அழுக்குமே காரணம். டாமர் வார்னிஷும் காலப்போக்கில் மஞ்சளாகும். ஆனால் தகுந்த கரைப்பானால் அதை நீக்கிவிடலாம்.

டாமர் என்பது தென்கிழக்காசியக் காட்டு மரங்களின் பிசின். கண்ணாடிபோல் தெளிந்த, வெளிர்மஞ்சள் கட்டிகளாக ஓவியப் பொருள் கடையில் வாங்குங்கள். தூபத்துக்கு விற்கும் குங்கிலியத்தின் நிறமும் தூய்மையும் ஒரே சீராக இருப்பதில்லை. டாமரைக் கரைக்கும் டர்பன்டைனை வாங்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெயிண்டுக் கடையில் டர்பன்டைன் என்று கொடுப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்தது; அதில் டாமர் முழுமையாகக் கரையாமல் கலங்கியே நிற்கும். பைன் மரப் பிசினிலிருந்து வடித்த டர்பன்டைனையே கேட்டு வாங்க வேண்டும்.

100 கிராம் டாமரைச் சிறு கட்டிகளாக உடையுங்கள். பொடித்தால் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். அதை மெல்லிய மல் துணியில் முடிந்து, 300 மில்லி டர்பன்டைன் ஊற்றிய கண்ணாடி ஜாடிக்குள் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு மூடிவையுங்கள். கரைந்த பிசின் கனம் மிகுந்து கீழே இறங்க, மேலிருக்கும் புதிய டர்பன்டைன் முடிச்சைச் சூழ்ந்துகொள்வதால், கிளறாமலேயே இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். மரப்பட்டைத் துணுக்கும் பூச்சிச் சிறகும் துணியிலேயே தங்கும், முடிச்சைப் பிழியாதீர்கள். ஒரு வாரம் அசையாமல் வைத்து, வண்டல் கலங்காமல் மேல்தெளிவை மட்டும் வேறு புட்டியில் இறுத்துக்கொள்ளுங்கள். சூடாக்கவே கூடாது. ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே டர்பன்டைனின் ஆவி தீப்பற்றக்கூடும். கோடையில் நம் ஊர் அறைகளே அந்த வெப்பத்தை எட்டிவிடுகின்றன. ஆகவே சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

ஓவியம் ஆறு மாதமாவது, வண்ணம் தடிப்பாக இருந்தால் ஓராண்டாவது, காய்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பூசினால் வார்னிஷ் வண்ணத்தோடு பிணைந்து, பிறகு நீக்கும்போது வண்ணத்தையும் இழுத்துவரும். மழைநாளைத் தவிர்த்துவிடுங்கள், காற்றின் ஈரத்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். படத்தைக் கிடத்தி, அகன்ற மென்தூரிகையால் மெல்லியதாக ஒரே திசையில் பூசி, இழுத்த இடத்தில் மறுபடி இழுக்காமல், தூசி படாதபடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். எங்காவது மங்கலாகத் தெரிந்தால் மட்டும் இரண்டாம் பூச்சு தேவைப்படும்.